கொட்டகை டிபி: விளக்கு எரிகிறது, மிஷின் போட்டால் வீட்டு ஆர்சிசிபி விழுகிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் பட்டறை வேலைக்காகத் தனியாக ஒரு சின்ன டிபி பாக்ஸ் (கரண்டைப் பல லைனாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைத்தேன். மெயின் போர்டிலிருந்து 35 மீட்டர், 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் போகின்றன. 10 வாட் எல்இடி விளக்கு நன்றாக எரிகிறது. கட்டிங் மிஷினைப் போட்ட நொடியில் வீட்டிலுள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. அதே மிஷின் வீட்டுப் பிளக்கில் ஒழுங்காக ஓடுகிறது. கொட்டகை எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச்) எல்லாவற்றையும் இறக்கி வைத்த பிறகும், வீட்டில் அயர்ன் பாக்ஸ் போட்டால் சில நேரம் விழுகிறது. கேபிள் போய்விட்டதா?

பதில் 1:
தூரம் அதிகம், வோல்டேஜ் டிராப்பாக இருக்கும். கேபிளை 6 சதுர மி.மீ. ஆக்குங்கள். இல்லையென்றால் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள், விழாது.

பதில் 2:
தயவுசெய்து 100 போட வேண்டாம். 30 என்பது ஆள் உயிருக்காக வைத்த அளவு. வோல்டேஜ் குறைந்தால் ஆர்சிசிபி விழாது. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்பாவிட்டால்தான் விழும். உங்கள் கேபிளில் போக வர 70 மீட்டருக்கு 0.32 ஓம். 16 ஆம்பியர் இழுத்தாலும் 5 வோல்ட் சொச்சம்தான் குறையும்.

கொட்டகை டிபியில் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாக வீட்டுக்குப் போகிறது. விளக்கு இழுப்பது 50 மில்லி ஆம்பியர் அளவு, அதில் கொஞ்சம் வழி மாறினாலும் தாங்கும். மிஷின் 4 ஆம்பியர் பக்கம். நூறில் ஒரு பங்கு போனாலே 40 மில்லி ஆம்பியர். எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரல் அப்படியே இருக்கிறது. அயர்ன் பாக்ஸ் கரண்டிலும் ஒரு பங்கு அந்த நியூட்ரல் வழியாக எர்த்துக்குப் போய்விடுகிறது. அதற்கும் விழுவது அதனால்தான்.

மெயினை அணையுங்கள், டெஸ்டர் வைத்துச் சப்ளை இல்லை என்று உறுதி செய்யுங்கள். கொட்டகையில் பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, உள்ளே வரும் நியூட்ரல் ஒயரை லிங்க்கிலிருந்து (நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் பட்டை) கழற்றுங்கள். அப்புறம் நியூட்ரல் லிங்க்குக்கும் எர்த் பாருக்கும் மீட்டரில் கன்டினியூட்டி (இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று) பாருங்கள். மீட்டர் பீப் என்று கத்தக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
கத்தியது அண்ணா. இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் நீளப் பச்சை ஒயர், நான் போட்டதுதான். வீட்டு மெயினில் சேர்த்திருந்ததைப் பார்த்து இங்கேயும் சேர்த்தேன். அதை எடுத்த பிறகும் கத்துகிறது. பேசாமல் கொட்டகைக்குத் தனி எர்த் கம்பி அடித்து, வீட்டு எர்த்தைக் கழற்றிவிடலாமா?

பதில் 2:
கூடவே கூடாது. மண்ணின் தடை 50 ஓம் என்றால், மிஷின் உடம்பில் பேஸ் பட்டாலும் 230 வோல்ட்டுக்கு 4.6 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. தனிக் கம்பி தேவைப்பட்டாலும் வீட்டிலிருந்து வரும் எர்த் இருந்தே ஆக வேண்டும். நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கும் இடம் ஒரே ஒரு இடம்தான், அது சப்ளை வரும் பக்கம்.

லிங்க்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது மீட்டர் அடங்குகிறதோ அந்த லைனில்தான் பழுது.

கேள்வி கேட்டவர்:
கிடைத்துவிட்டது. மூன்றாவது ஒயரில் அடங்கியது. ஜன்னலோர சாக்கெட்டைக் கழற்றினால், எர்த் ஒயரின் தலைமுடி போன்ற ஒற்றை இழை வெளியே வளைந்து நியூட்ரல் திருகைத் தொட்டுக்கொண்டிருந்தது. சேர்த்து முறுக்கி உள்ளே வைத்தேன். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 500 வோல்ட் மெக்கர் (ஒயர் இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர்) வைக்கச் சொன்னேன். 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டுமாம், எல்லா லைனும் அதைவிட மிக அதிகமாகவே காட்டியது. அரை மணி நேரம் மிஷின் ஓட்டினேன், உள்ளே அயர்ன் பாக்ஸும் போட்டாயிற்று. விழவில்லை. ரொம்ப நன்றி அண்ணா.

பதில் 2:
சந்தோஷம். மற்ற சாக்கெட்டுகளையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், எல்லாம் ஒரே கை போட்ட வயரிங்தானே.