30 மங்கா புத்தகத்துக்குத்தான் இடம்: எந்தத் தொடர்களை எடுக்கலாம்?

பனங்கொட்டை:

அலுமாரியில் ஒரு தட்டுத்தான் காலி. 30 மங்கா (ஜப்பான் காமிக்ஸ்) புத்தகத்துக்கு மேல் கொள்ளாது, காசும் அவ்வளவுக்குத்தான் காணும். ரவுணில் தேடினால் 3ஆம் தொகுதி, 11ஆம் தொகுதி எண்டு உதிரிகள்தான் கண்ணில் படுகுது. முழுத்தொடர் எண்டால் கொழும்பில் இருந்து பஸ்ஸில் பார்சலாக எடுப்பிக்க வேணும். பிழையானதை எடுத்துப்போட்டுத் திருப்பிக் குடுக்க ஏலாது.

வாசிக்கப்போறது 15 வயதுப் பெடியன் ஒருத்தனும் பெரிய ஆக்கள் ரெண்டு பேரும். பெரிய ஆக்களுக்கு ராணி காமிக்ஸ், முத்து காமிக்ஸ் பழக்கம் உண்டு, மங்கா புதுசு. முடிஞ்ச தொடராக இருக்க வேணும், ஆங்கிலப் பதிப்பு பரவாயில்லை. இப்போதைக்கு யோசனையில் உள்ளவை: டெத் நோட், அட்டாக் ஒன் டைட்டன், டீமன் ஸ்லேயர், ஒன் பீஸ், ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட், மொன்ஸ்டர், வாகபொண்ட். கதையைப் போட்டு உடைக்காமல் சொல்லுங்கோ.

வடலி:

ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்டுக்கு மறுபேச்சே இல்லை. ஹிரோமு அரகாவா 2001இல் தொடங்கி 2010இல் முடித்தது. 27 தொகுதி. மூன்றை ஒன்றாகக் கட்டிய பதிப்பில் 9 புத்தகத்தில் அடங்கிவிடும். ஒன்றைப் பெற அதே பெறுமதியுள்ள இன்னொன்றைக் கொடுக்க வேண்டும் என்று தொடக்கத்தில் ஒரு விதி வருகிறது. கடைசித் தொகுதி வரைக்கும் அந்தக் கணக்குப் பிசகவில்லை. இத்தனை வருசம் மாதாமாதம் வந்த கதையில் இது லேசுப்பட்ட வேலை இல்லை.

15ஆம் தொகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை பகிடி விட்டுத் திரிந்த இராணுவ அதிகாரிகள், இஷ்வால் என்ற இடத்தில் ஒரு சனத்தையே துடைத்தழித்த நாட்கள் அதில் வருகின்றன. கட்டளையை நிறைவேற்றியவர்களின் வாயாலேயே அது சொல்லப்படுகிறது. ஒரு மன்னிப்போடு கணக்கைத் தீர்த்துவிடும் சோலி இல்லை. எங்கட பக்கத்து வாசகர் இந்தத் தொகுதியை ஒரே மூச்சில் வாசிக்க மாட்டினம். 2ஆம் தொகுதியில் ஒரு சின்னப்பிள்ளையும் நாயும் வரும் அத்தியாயம் கடுமையானது. 15 வயது தாங்கும், 10 வயதுக்கு வேண்டாம்.

2003இல் வந்த அனிமே (ஜப்பானிய கார்ட்டூன் தொடர்) பாதியில் வேறு கதையாகிவிடும், மங்கா அப்போது முடிந்திருக்கவில்லை. 2009இல் வந்த 64 பகுதிகள்தான் மங்காவோடு ஒத்துப்போகும்.

அடுத்தது மொன்ஸ்டர். நவோக்கி உரசவா, 1994 முதல் 2001 வரை, 18 தொகுதி. இரண்டிரண்டாகக் கட்டிய பெரிய பதிப்பில் 9. 1986, டுசல்டோர்ஃப். தலையில் குண்டு பட்ட பையனை விட்டுவிட்டு நகரபிதாவுக்குச் சத்திரசிகிச்சை செய் என்று மேலிடம் சொல்கிறது. டொக்டர் டென்மா பையனின் மேசைக்குப் போகிறார். மிச்சம் முழுவதும் அந்த ஒரு முடிவின் விலை. நடுவில் புதிய ஊர், புதிய ஆள் என்று இழுபடுவது உண்மைதான். ஆனால் ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் வந்துபோகும் கிழவர்களின் முகங்களைப் பாருங்கோ, ஒன்றுபோல் மற்றது இல்லை.

அதே ஆளின் புளூட்டோ 8 தொகுதி. ஒசாமு தெசுக்காவின் பழைய மங்காவான அஸ்ட்ரோ பாயில் வரும் ஒரு கதையைப் பெரியவர்களுக்கான துப்பறியும் கதையாக மாற்றியது. முதல் தொகுதியில், போருக்கென்று செய்த இயந்திரம் ஒன்று கண் தெரியாத இசையமைப்பாளரிடம் பியானோ பழகக் கேட்கிறது. அந்தப் பகுதி பிடிக்காவிட்டால் மிச்சத்தை வாங்க வேண்டாம்.

தட்டிவான்:

மிச்சத்தை நான் சுருக்கமாச் சொல்லுறன்.

டெத் நோட் 12 தொகுதி. 7ஆவது வரைக்கும் திறம். பிறகு வேற ஆக்கள் வந்து அதே சதுரங்கத்தைத் திருப்பி ஆடினம். அதைக் கீறின ஒபாட்டாவின்ர படம் வடிவு, ஆனா பேச்சுப் பலூனுக்குள்ள எழுத்து நெரிசல், ஒரு தொகுதிக்கே ரெண்டு நாள் போகும்.

அட்டாக் ஒன் டைட்டன் 34. உங்கட தட்டில அடங்காது. முதல் தொகுதிகளில கை கால் அளவே சரியில்லை, முகத்தை வைச்சு ஆளைப் பிரிச்சறியிறது பாடு. ஆனா 21ஆம் தொகுதியில நிலவறை திறந்த பிறகு முதல்ல இருந்து திருப்பி வாசிச்சுப் பாருங்கோ, எல்லாம் அப்பவே ஒளிச்சு வைச்சிருக்கு. முடிவுதான் சப்.

டீமன் ஸ்லேயர் 23. சண்டைக் கட்டங்களில ஆர் எங்க நிக்கினம் எண்டு விளங்காது. இதுக்கு அனிமேதான் மேல், காசை மிச்சம் பிடியுங்கோ.

ஒன் பீஸ் 1997இல இருந்து ஓடுது, 100 தொகுதி தாண்டிட்டுது, இன்னும் முடியேல்லை. மங்கா பிளஸ் செயலியில முதல் 3, கடைசி 3 அத்தியாயம் காசில்லாமல் வாசிக்கலாம். ருசி பார்க்க அது காணும்.

உங்கட பட்டியலில சிலாம் டங்க் ஏன் இல்லை? கூடைப்பந்துக் கதை, 1990 முதல் 1996, தக்கேஹிக்கோ இனோவே. 31 தொகுதி. ஒண்டு கூடத்தான், அது அலுமாரிக்கு மேல படுக்கட்டும். கடைசி ஆட்டத்தின்ர கடைசி விநாடிகளில பலூன் இல்லை, சனம் கத்துற சத்தம்கூட எழுத்தில இல்லை. பந்து, கை, கடிகாரம், அவ்வளவுதான். நீங்கள் தாளைப் புரட்டுற வேகம்தான் ஆட்டத்தின்ர வேகம். பழைய தொலைக்காட்சி அனிமே 101 பகுதி ஓடியும் அந்த ஆட்டத்துக்குப் போய்ச் சேரேல்லை. கூடைப்பந்து தெரியாட்டிலும் பிரச்சினையில்லை, கதாநாயகனுக்கே தெரியாது.

பனங்கொட்டை:

நன்றி. ஃபுல்மெட்டல் 9, மொன்ஸ்டர் 9, புளூட்டோ 8. மொத்தம் 26. மிச்சம் 4. வலப்பக்கத்தில் இருந்து வாசிக்கிறது பெரிய ஆக்களுக்குக் கரைச்சலோ? போலி அச்சு வருகுது எண்டும் கேள்வி, எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கருக்குமட்டை:

வலமிருந்து இடம் ஒரு தொகுதியோடு பழகிவிடும். புத்தகத்தின் முதுகு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கட்டங்களுக்கு இடையில் உள்ள வெள்ளை இடைவெளியைக் கவனியுங்கோ. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவில் அது ஒடுக்கமாக இருக்கும், மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் அகலமாக இருக்கும். ஒடுக்கமென்றால் இடப்பக்கம் நகருங்கோ, அகலமென்றால் கீழே இறங்குங்கோ. ஒரு கட்டத்துக்குள் வலது மேல் மூலைப் பலூன்தான் முதல். காமிக்ஸ் வாசிப்பவர்கள் பிழைவிடும் இடம் இதுதான்: கட்டத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு, பலூனை மட்டும் பழக்கதோசத்தில் இடமிருந்து வாசிப்பினம். பதில் முதலும் கேள்வி பிறகும் வந்தால் அதுதான் காரணம்.

பெரியவர்களுக்கு அந்தக் கரைச்சலே வேண்டாம் என்றால் பெயர்ஃபுட் ஜென் எடுங்கோ. ஆங்கிலத்தில் அது இடமிருந்து வலமாகத் திருப்பி அச்சிடப்பட்டது, 10 தொகுதி. ஹிரோஷிமாவில் 6 வயதில் குண்டுக்குத் தப்பிய கெய்ஜி நகசாவா 1973இல் எழுதத் தொடங்கியது. படங்கள் சிறுவர் கேலிச்சித்திரம்போல் உருண்டு திரண்டிருக்கும், அடிக்கடி ஆளையாள் குட்டிக்கொள்ளுவினம். குண்டு விழுந்த பிறகும் அதே கோடுதான். கண் அதற்கு ஆயத்தமாக இருக்காது. போரை எதிர்த்த தகப்பனை அயலட்டையே ஒதுக்கிவைப்பது, ஒரு பிடி அரிசிக்கு அலைவது எல்லாம் எங்கட ஆட்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லாதவை. புளூட்டோவை விட்டு இதை எடுத்தால் 28. என் வாக்கு இதற்கே. பிற்பகுதித் தொகுதிகளில் பிரசாரம் தூக்கலாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போலி அச்சைப் பிடிக்கச் சாம்பல் நிறப் பகுதிகளைப் பாருங்கோ. மங்காவில் சாம்பல் என்பது நுண்ணிய கறுப்புப் புள்ளிகள். புத்தகத்தை ஸ்கேன் எடுத்துத் திரும்ப அச்சிட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி, வானத்திலும் சட்டையிலும் அலை அலையாகக் கோலம் விழும். உள்விளிம்புப் பலூன்களின் எழுத்து முதுகு மடிப்புக்குள் போயிருக்கும். தொகுதிகளை நிரையாக வைத்தால் முதுகில் உள்ள இலக்கங்கள் ஏறி இறங்கி நிற்கும். பார்கோட்டை நம்ப வேண்டாம், அதையும் சேர்த்துத்தான் பிரதி எடுக்கிறார்கள். பார்சல் கட்ட முதல் உள்பக்கம் ஒன்றைக் கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. மறுத்தால் விட்டுவிடுங்கோ.

மூன்றை ஒன்றாகக் கட்டிய பதிப்புகளின் தாள் மட்டமானது, சீக்கிரம் மஞ்சளாகும். 180 பாகைக்கு விரித்தால் முதுகுப் பசை வெடிக்கும். மாரி காலத்தில் தட்டைச் சுவரோடு ஒட்டவிடாமல் நாலு விரல் தள்ளி வையுங்கோ, புத்தகங்களையும் இறுக்கி அடுக்க வேண்டாம், ஈரம் பிடித்தால் அட்டையின் பளபளப்புத் தாள் ஒன்றோடொன்று ஒட்டி உரிந்துவரும். உறையோடு வந்தவற்றைப் பொலித்தீனில் மூடியே வைப்பதும் கூடாது, உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

தட்டிவான்:

ஜென் நல்லதுதான். ஆனா பெடியனை அதில தொடங்க விடாதையுங்கோ. ஃபுல்மெட்டல் முதல்.

வடலி:

அதுதான் சரி. ஒரு விசயம் விட்டுப்போச்சு, வாகபொண்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. இதுவும் இனோவேதான். தூரிகையால் கீறிய பக்கங்கள், மங்காவில் அதற்கு மேல் கை இல்லை. வாள்வீச்சை எதிர்பார்த்துப் போனால், பிற்பகுதியில் கதாநாயகனான வாள்வீரன் முசாஷி வாளை வைத்துவிட்டுப் பஞ்சம் பிடித்த கிராமத்தில் நெல் விளைவிக்க மாரடிக்கிறான். பலர் சலித்து விட்டது அந்த இடத்தில், எனக்கோ முழுத்தொடரிலும் அதுதான் உச்சம். ஆனால் 2015க்குப் பிறகு புது அத்தியாயம் வரவில்லை, 37 தொகுதியோடு நிற்கிறது. உங்கள் நிபந்தனைப்படி தள்ளத்தான் வேண்டும். பிறகு எப்போதாவது வாங்கினால் கவனம்: மூன்றை ஒன்றாக்கிய பெரிய பதிப்பு 12 புத்தகம், 36ஆம் தொகுதி வரைக்கும்தான். 37ஐத் தனியாகத் தேட வேண்டும்.