வேடமேற்று விளையாடினால் கூச்சமுள்ள பிள்ளை பிறருடன் பழகுமா?

கேள்வி: பெரம்பூர்வாசி
என் மகனுக்கு நான்கரை வயது; எல்கேஜி படிக்கிறான். வீட்டில் ஓயாமல் பேசுபவன், மாலையில் குடியிருப்பின் ஊஞ்சலருகே மற்ற பிள்ளைகளைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறான், அல்லது நேராகப் போய்ப் பந்தைப் பிடுங்கிவிடுகிறான். வேடமேற்று விளையாட வைக்கும்படி பள்ளியில் சொன்னார்கள். ஆனால் "தம்பியிடம் பந்தைக் கேட்பது போல் நடி, பார்ப்போம்" என்றால் அவன் வாயே திறப்பதில்லை. எப்படித் தொடங்குவது?

பதில்: மழலையர் வகுப்பு ஆசிரியை, ஆதம்பாக்கம்
நீங்கள் சொல்வது விளையாட்டாக இல்லை, ஒப்பிக்கும் பாடமாக இருக்கிறது. எங்கள் வகுப்பில் நன்றாக எடுபடுவது பேருந்து விளையாட்டு: வரிசையாக நாற்காலிகள், நடத்துநருக்குத் தோளில் பை, வாயில் விசில், பழைய காலண்டர் தாளில் கிழித்த டிக்கெட். இடம் கேட்பது, சில்லறைக்குக் காத்திருப்பது, கைக்குழந்தையோடு ஏறுபவருக்கு எழுந்து இடம் கொடுப்பது ஆகிய எல்லாமே அதற்குள் தாமாக வந்துவிடும். நடத்துநர் வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, ஏறத் தயங்கி நிற்கும் பயணியாக நீங்கள் இருங்கள். எங்கே உட்காருவதென்று தெரியாமல் நீங்கள் விழிக்கும்போது, வழி சொல்ல வேண்டியவன் அவனாகிவிடுகிறான். மறுநாள் வேடத்தை மாற்றிக்கொள்ளலாம். நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள்.

பதில்: இரு பிள்ளைகளின் தந்தை
ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் பெற்றோருடன் மட்டும் ஆடினால் போதாது, ஏனெனில் நாம் எப்போதும் விட்டுக்கொடுத்துவிடுகிறோம், சம வயதுப் பிள்ளை விட்டுக்கொடுக்காது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை அழைத்து, சொப்புச் சாமானோடு கடை வைக்கச் சொல்லுங்கள். உருசிய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையில், கற்பனை விளையாட்டு எதுவாயினும் அதற்குள் விதிகள் இருக்கின்றன என்று விளக்கினார். கடைக்காரராக இருக்கும் பிள்ளை, கைக்கெட்டும் மிட்டாயைத் தின்னாமல் விற்பது அதனால்தான். 'பொறுமையாக இரு' என்று நாம் நூறு முறை சொன்னாலும் இது நடக்காது!

பெரம்பூர்வாசி
நன்றி. அவனே எப்போதும் போலீஸாக இருப்பேன் என்று அடம்பிடித்தால்?

மழலையர் வகுப்பு ஆசிரியை, ஆதம்பாக்கம்
முதலில் சில நாள் இருக்கட்டும். பிறகு தொலைந்த பொருளைத் தேடி வரும் பாட்டியாக நீங்கள் காவல் நிலையத்துக்குப் போங்கள். புகாரைக் காது கொடுத்துக் கேட்பதும் போலீஸின் வேலைதானே. இந்த வயதிலும் பாவனை விளையாட்டில் சற்றும் நாட்டமில்லாமல், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத பிள்ளையாக இருந்தால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டச் சொல்வேன். உங்கள் மகனைப் பற்றி எனக்கு அந்தக் கவலை எழவில்லை.