மல்லியை வெட்டப் பயப்படாதீர்கள்: கவாத்து அனுபவங்கள்

மதுரைப் பக்கம், தரையில் குண்டுமல்லி

குண்டுமல்லி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். செடி தலைக்கு மேல் வளர்ந்தும் நாளைக்கு நாலு பூதான் கிடைக்கிறது என்றால், பழைய கிளையின் நுனியில் ஓரிரு துளிர் மட்டுமே வருகிறது என்று பொருள். உரம் கூட்டினாலும் அது மாறாது. வெட்டினால்தான் மாறும்.

நவம்பர் கடைசி வாரம் ஏற்ற காலம். பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இலை லேசாகத் தொங்கி, வளர்ச்சி அடங்கியதும் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் செடி முழுவதையும் வெட்ட வேண்டும். காய்ந்த குச்சி, நடுவை நோக்கி ஓடும் கிளை, நோஞ்சான் கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். மொட்டையாக நிற்கும் செடி எல்லாக் கணுவிலும் ஒரே சமயத்தில் துளிர்க்கும்.

வெட்டும் இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மல்லிக்கு இலைகள் எதிரெதிராக, ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் கடுகளவு முளை ஒன்று இருக்கும். ரோஜாவுக்குச் சொல்வதுபோலச் சாய்த்து, கணுவை ஒட்டி வெட்டினால் இரண்டு முளைகளில் ஒன்று போய்விடும். கணுவுக்கு அரை செ.மீ. மேலே நேராக வெட்டினால் ஒரு குச்சியில் இரண்டு கிளை கிடைக்கும். கத்தரி மழுங்கியிருந்தால் குச்சி நசுங்கி, அந்த நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும். தடித்த வெட்டுகளில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவுவது நல்லது.

வெட்டியதும் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம். நன்கு வளர்ந்த செடி என்றால் அதோடு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகக் குழி பறித்து, உரத்தைப் போட்டு மூடி, தண்ணீர் கட்டுங்கள். இதே அளவை ஜூன், ஜூலையில் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். சின்னச் செடிக்கு இதில் கால்பங்குக்கு மேல் வேண்டாம். தண்டை ஒட்டி உரம் கொட்டினால் வேர் கருகிவிடும்.

சென்னை, மொட்டைமாடித் தொட்டி

மேலே சொன்ன நவம்பர் கணக்கு கடற்கரை மாவட்டங்களுக்கு அப்படியே பொருந்தாது. அடைமழையில் வெட்டினால் வெட்டுவாய் ஈரத்திலேயே கிடந்து அழுகும். இங்கே மழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடிக்கும்வரை பொறுப்பதே சரி. டிசம்பர் நடுவில் வெட்டினாலும் பூ கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

தொட்டியில் 50 செ.மீ. விடத் தேவையில்லை, ஓர் அடி போதும். தொட்டி 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவைக் கூட்டினால் அடியில் ஈரம் தங்கி வேரழுகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கவாத்தின்போதே செடியை வெளியே எடுத்து, தொட்டிச் சுவரைச் சுற்றிக்கொண்ட வேரை இரண்டு அங்குலம் சீவி, புது மண்ணில் வையுங்கள். ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் இந்தப் பாடெல்லாம் வீண், இலைதான் வரும்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் துளிர் வெளுப்பது அடிக்கடி நடக்கிறது. அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பும் மண்ணிலுள்ள இரும்பை வேர் எடுக்கவிடாமல் செய்கின்றன. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து, உடனே மாலையில் இலைமேல் தெளியுங்கள். பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை போதும். கரைசலை மறுநாளைக்கு வைக்கக் கூடாது, பழுப்பாக மாறிப் பயனற்றுப்போகும்.

மொட்டு ஊதா நிறமாகிறது என்று கேட்டவருக்கு

இரண்டு பூச்சிகளை எல்லோரும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். மொட்டில் வட்டமான ஓட்டை, பக்கத்து மொட்டுகள் நூலாம்படையால் பின்னிக் கிடப்பது: இது மொட்டுப்புழு. ஓட்டையே இல்லாமல் மொட்டின் அடி வீங்கி, ஊதாவாகி, வளராமல் காய்ந்தால் மொட்டு ஈ. அந்த மொட்டைப் பிளந்தால் உள்ளே நூல்போலச் சின்னப் புழுக்கள் நெளியும். ஈயின் புழு மண்ணில் இறங்கிக் கூடாகும், அதனால் செடியில் மட்டும் மருந்தடித்துத் தீராது. கெட்ட மொட்டுகளைத் தினமும் கிள்ளி, உதிர்ந்ததையும் பொறுக்கி, எரித்துவிடுங்கள். செடியடி மண்ணைக் கிளறி வெயில் காட்டி, கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசலோடு, வாரம் ஒருமுறை மாலையில். மொட்டு கடுகளவு இருக்கும்போதே தொடங்க வேண்டும். புழு உள்ளே போனபின் எண்ணெய் அதைத் தொடாது.

பிச்சி, முல்லை, மற்றவை

பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. இரண்டுக்கும் உயரம் 45 செ.மீ. முல்லை இலையில் வெள்ளை வெல்வெட் மாதிரி ரோமம் படர்ந்தால் பூஞ்சை என்று நினைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை அது. நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பவழமல்லியைப் பூ முடிந்த பிறகு, தை மாசி வாக்கில் வெட்டுங்கள். இரவுராணியை ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். அதன் வெள்ளைக் காய்கள் விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் காய்க்கவிடவே கூடாது. மனோரஞ்சிதத்தில் கொக்கிபோல வளைந்திருப்பது முள் அல்ல, பூக்காம்பு. சட்டையைப் பிடித்து இழுக்கிறதே என்று அதை நறுக்கினால் பூவையும் சேர்த்து நறுக்கியதாகிவிடும்.

வெட்டிய குச்சிகளை எறியாதீர்கள்

அவற்றிலிருந்தே புதுச் செடி வளர்க்கலாம். பென்சில் கனம், மூன்று நாலு கணு, 15 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். அடிக்கணுவுக்குக் கீழே ஒட்டி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஆற்றுமணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். மணல் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. துளிர் வந்துவிட்டதே என்று பிடுங்கிப் பார்க்க வேண்டாம். குச்சியில் இருக்கும் சத்திலேயே முதல் துளிர் வரும், வேர் அதற்குப் பிறகுதான். தரையில் வைத்த பின் முதலில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடர்ந்து வரும்.