மாஸ்டடான், புளூஸ்கை, நாஸ்டர்: எதில் கணக்குத் தொடங்கலாம்?

கேள்வி: தொடர்பதிவுகள் எழுதும் எனக்கு, சேவையகம் (பதிவுகளைச் சேமித்து வைக்கும் கணினி, சர்வர்) ஒருநாள் மூடப்பட்டாலும் எழுதியவையும் வாசகர்களும் கைவிட்டுப் போகாத தளம் வேண்டும். இந்த மூன்று சமூக ஊடகங்களில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மறுமொழி 1: 2016இல் வெளிவந்த மாஸ்டடான், வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல சேவையகங்களில் இயங்குவது. அதில் வேறு சேவையகத்துக்கு மாறினால் பின்தொடர்பவர்கள் உடன் வருவார்கள், பழைய பதிவுகள் வாரா. அந்த மாற்றத்தையும் பழைய சேவையகம் இயங்கும்போதே செய்தாக வேண்டும் என்பதால், நீங்கள் சேரும் சேவையகத்தை நடத்துபவர் யார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

மறுமொழி 2: புளூஸ்கையில் பதிவுகளையும் சேர்த்தே இடம்பெயர்க்கலாம். ஆயினும், பெரும்பாலான கணக்குகள் ஒரே நிறுவனத்தின் சேவையகங்களில் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பதிவுக்கு 300 எழுத்துகள்தான். மாஸ்டடானில் இயல்பாக 500.

மறுமொழி 3: நாஸ்டரில் மறைச்சாவியே (கடவுச்சொல்போல் நீங்கள் மட்டும் வைத்திருக்கும் நீண்ட குறியீடு) கணக்கு; தொலைந்தால் மீட்டுத்தர எவரும் இல்லை. உங்கள் தேவைக்கு நான் புளூஸ்கையையே பரிந்துரைப்பேன்.