ஓய்வுபெற்ற பேஸ்பால் வீரர்களின் மூடநம்பிக்கைகள்: வினாடி வினாவில் எதைக் கேட்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

(நால்வரின் உரையாடல். கேள்வித்தாள், மூன்றாவது பேஸ், ஃபவுல் லைன், கடிகாரம் என்பவை அவர்களின் புனைபெயர்கள்.)

கேள்வித்தாள்:

வணக்கம். மேஜர் லீக் எனப்படும் வட அமெரிக்க முதல்நிலை பேஸ்பால் தொடரில் ஆடி ஓய்வுபெற்ற வீரர்களின் விசித்திரப் பழக்கங்களை மட்டும் வைத்து 12 கேள்விகள் கொண்ட ஒரு சுற்றைத் தயார் செய்கிறேன். கேள்விக்கு 30 விநாடி. கிடைக்கிற பட்டியல்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எண்கள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. வேட் போக்ஸின் கோழிக்கறி, டர்க் வெண்டல் பல் துலக்கியது, மார்க் ஃபிட்ரிச் பந்தோடு பேசியது, நோமார் கார்சியாபாராவின் கையுறை, இந்த நான்கும் இப்போதைக்குக் கையில் உண்டு. எந்த விவரத்தைத் தைரியமாகக் கேட்கலாம்? எதைக் கேட்டால் அரங்கில் தகராறு வரும்?

மூன்றாவது பேஸ்:

போக்ஸ் ஒருவரை வைத்தே நான்கு கேள்வி தேறும். ஆட்டம் உள்ள நாளெல்லாம் கோழிக்கறி. சக வீரர் ஜிம் ரைஸ் அவருக்கு 'சிக்கன் மேன்' என்றே பெயர் வைத்துவிட்டார். கோழிச் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்றும் போட்டார். இரவு ஆட்டம் என்றால் பேட்டிங் பயிற்சி 5:17க்கு, ஓட்டப் பயிற்சி 7:17க்கு. பேட் செய்ய வரும்போதெல்லாம், எபிரேய மொழியில் 'வாழ்வு' என்று பொருள்படும் சொல்லை மண்ணில் எழுதுவார். அவர் யூதர் அல்ல என்பதால் இது நல்ல கேள்வி. ஊகித்து விடை சொல்பவர்கள் யூத வீரர்கள் பக்கம் போய்விடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய காலடி. டக்அவுட்டிலிருந்து (வீரர்கள் அமரும் இடம்) களத்துக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் இம்மி பிசகாது. கோடை முடிவதற்குள் டக்அவுட்டுக்கு முன்னால் புல் தேய்ந்து அவர் கால் பட்ட இடங்கள் தனியாகத் தெரியும். இதைப் படமாகச் சொல்லி, ஆள் யார் என்று கேளுங்கள்.

பயிற்சியில் எத்தனை தரைப்பந்து பிடிப்பார் என்று மட்டும் கேட்காதீர்கள். 100, 117, 150 என்று மூன்று எண்களும் அச்சில் உள்ளன. மூன்று அணியும் மூன்றைச் சொல்லி நிற்கும். டொராண்டோவில் அவரைக் குழப்ப ஸ்கோர்போர்டு கடிகாரத்தை 7:16லிருந்து நேரே 7:18க்குத் தள்ளினார்கள் என்ற கதையும் அப்படித்தான். விடை வந்த பிறகு சுவைக்காகச் சொல்லலாம், மதிப்பெண்ணுக்கு வைக்க வேண்டாம்.

கடைசிக் குறிப்பாக இதைக் கொடுங்கள்: 3,000வது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு ஓடி, பேஸ் எனும் நிலையைப் பத்திரமாக எட்டுவது) ஹோம் ரன்னாக (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) அடித்த முதல் வீரர், 1999 ஆகஸ்ட் 7.

ஃபவுல் லைன்:

வெண்டல் விஷயத்துல எதுவும் சந்தேகமில்ல, தாராளமா கேளுங்க. கறுப்பு லிக்கரிஸ் மிட்டாயை மென்னுக்கிட்டே பந்து வீசுவார், இன்னிங்ஸ் முடிஞ்சதும் அதைத் துப்பிட்டு டக்அவுட்டுல பல் துலக்குவார். கழுத்துல மிருகங்களோட பல் கோத்த மாலை. மெட்ஸ் அணியில 99ஆம் எண் சட்டை. 2000 கடைசியில போட்ட ஒப்பந்தத் தொகை 99,99,999 டாலர் 99 சென்ட். இந்தத் தொகையைக் கேள்வியா வெச்சா யாரும் மறுக்க முடியாது, கேட்கிறவங்களுக்கும் சிரிப்பு வரும்.

ஆனா "ஃபவுல் லைனை மிதிக்காம தாண்டிக் குதித்தவர் யார்?"னு கேட்டுடாதீங்க. ஆடுகளத்தோட ஓரக் கோடுதான் ஃபவுல் லைன். அதை வெண்டலும் தாண்டிக் குதிப்பார், பந்து வீசுற இன்னும் எத்தனையோ பிட்சர்களும் குதிப்பாங்க. "பேட்டிங் கையுறை போடாதவர்"னு கேட்டா மொய்சஸ் அலூ, விளாடிமிர் கெரேரோ, ஜோர்ஜ் போசாடா மூணு பேரும் சரி. "தார் அப்பின ஹெல்மெட்"டுக்கு (பேட் வழுக்காம இருக்கப் பூசுற தார்) கெரேரோவும் கிரெய்க் பிஜியோவும். ஒரு பழக்கத்தை மட்டும் கேட்டா தகராறுதான். பழக்கத்தோட ஒரு எண்ணையோ அணியையோ சேத்துக் கட்டுங்க, விடை ஒண்ணாயிடும். உதாரணத்துக்கு லாரி வாக்கர்: 33ஆம் எண் சட்டை, நவம்பர் 3ஆம் தேதி 3:33க்குக் கல்யாணம். இதுக்கு வேற யாரும் பொருந்த மாட்டாங்க.

ஃபிட்ரிச் பத்தி ஒரு திருத்தம். பந்தோட பேசுறார்னு 1976இல் ஊரே சொல்லுச்சு. தனக்குத்தானே பேசிக்கிறதா அவர் சொன்னார். அதனால "பந்தோடு பேசுவதாகப் பெயர் வாங்கியவர்"னு எழுதுங்க. உறுதியானது வேற ரெண்டு இருக்கு: பந்து வீசுற மேடான மவுண்டுல முட்டி போட்டு மண்ணைக் கையாலயே சமன் பண்ணுவார், ஹிட் வாங்கின பந்தை அம்பயர்கிட்ட திருப்பிக் கொடுத்துடுவார். அந்த ஒரே சீசன்ல 19 வெற்றி, 9 தோல்வி, கடைசி வரை தானே பந்து வீசின 24 முழு ஆட்டம், இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி) 2.34.

கடிகாரம்:

கார்சியாபாராவைக் கேட்கும்போது அதை மூடநம்பிக்கை என்று எழுதாமல் பழக்கம் என்று எழுதுவது நல்லது. ஒவ்வொரு பந்துக்கும் இடையில் இரண்டு கையுறைகளின் மணிக்கட்டுப் பட்டையையும் மாறி மாறி இழுப்பார், பிறகு கால் விரல்களை மாற்றி மாற்றித் தரையில் தட்டுவார். 1999இல் .357, 2000இல் .372 சராசரியோடு அடுத்தடுத்து அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) பேட்டிங் பட்டம் வென்றவர் என்பதைச் சேர்த்தால் விடை இறுகும்.

இதிலிருந்தே இன்னொரு கேள்வி எடுக்கலாம். 2023இல் வந்த பிட்ச் கடிகார விதிப்படி பேஸில் ஆள் இல்லாதபோது பிட்சர் அடுத்த பந்தை வீச 15 விநாடி. 8 விநாடி மீதமிருக்கும்போது பேட்டர் தயாராக நிற்க வேண்டும். தவறினால் ஒரு ஸ்டிரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்). அதாவது அந்தச் சடங்குக்குக் கிடைப்பது 7 விநாடிதான். பழைய வீரர் ஒருவரின் பழக்கத்தைப் புதிய விதியோடு மோதவிடும் கேள்வி, மனப்பாடக்காரர்களையும் யோசிக்க வைக்கும்.

பேட்டர்களும் பிட்சர்களும்தான் பட்டியலை நிறைக்கிறார்கள், கவனித்தீர்களா? மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீகில் ஆடி, பிறகு மானுடவியலாளரான ஜார்ஜ் க்மெல்ச் இதற்குக் காரணம் சொன்னார். பத்துக்கு மூன்று முறை ஹிட் அடித்தாலே பேட்டர் நட்சத்திரம். பிட்சர் நன்றாக வீசிய பந்தும் ஹிட் ஆகலாம். ஃபீல்டிங்கிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் சரியாக முடிகிறது. எங்கே கை மீறிப் போகிறதோ அங்கேதான் சடங்கு முளைக்கிறது. சமநிலை முறிப்புக்கு இதையே வைக்கலாம்: பேட்டிங், பிட்சிங், ஃபீல்டிங் மூன்றில் சடங்கு மிகக் குறைவாக இருப்பது எதில், ஏன்?

கேள்வித்தாள்:

அருமை, மூவருக்கும் நன்றி. தரைப்பந்துக் கேள்வியை எடுத்துவிட்டேன். அலூ கையில் சிறுநீர் ஊற்றிக்கொண்டது, பேப் ரூத்தின் முட்டைக்கோஸ் இலை, இரண்டையும் சேர்க்கலாமா?

ஃபவுல் லைன்:

அலூ தன் வாயாலயே சொன்னது, கேக்கலாம். ஆனா விளக்கத்துல "கை உரமேறும்"னு எழுதிடாதீங்க. சிறுநீர்ல இருக்கிற யூரியாவைத்தான் தோலை மென்மையாக்கும் களிம்புகள்லயும் சேர்க்கிறாங்க, அதுவும் பல மடங்கு அதிக அளவுல. அவர் எதிர்பார்த்ததுக்கு நேர் எதிர்.

முட்டைக்கோஸ் மூடநம்பிக்கையே இல்ல, தலை குளிர்ச்சிக்காகத் தொப்பிக்குள்ள வெச்சது. ரூத்தைவிட நல்ல கேள்வி தென் கொரியாவோட பார்க் மியுங்-ஹ்வான். 2005இல் பந்து வீசும்போது அவர் தொப்பியிலிருந்து இலை கீழே விழுந்துச்சு. கொரிய லீக் அதுக்குத் தடை போட்டுச்சு.

மூன்றாவது பேஸ்:

12ஆவது இடம் காலியாக இருந்தால் கெவின் ரோம்பெர்க்கை வையுங்கள். 1982 முதல் 1984 வரை கிளீவ்லாந்து அணிக்கு 41 ஆட்டம் மட்டும். யாராவது தன்னைத் தொட்டால் திருப்பித் தொட்டே ஆக வேண்டும். களத்தில் வலப்பக்கம் திரும்ப மாட்டார், தேவைப்பட்டால் இடப்பக்கமாகவே சுற்றி வருவார். பேஸ் ஓட்டம் முழுக்க இடப்பக்கத் திருப்பம்தானே, அதைத்தான் அவர் காரணமாகக் கொண்டார். முதலில் வலப்பக்கக் குறிப்பைக் கொடுங்கள், 15 விநாடி கழித்துத் தொடுவதைச் சொல்லுங்கள். தொடுவதை முதலில் சொன்னால் உடனே பிடித்துவிடுவார்கள்.