தூதரகச் சம்பள நிலுவை: லண்டன் தீர்ப்பை நிறைவேற்ற வழி உண்டா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். லண்டனில் ஒரு நாட்டின் தூதரகத்தில் சமையல் வேலை செய்த என் மச்சாளுக்குச் சம்பள நிலுவையைக் கொடுக்கும்படி அங்குள்ள தொழில் நியாயசபை தீர்ப்பளித்துவிட்டது. காசுதான் வரவில்லை.

1978ஆம் ஆண்டு பிரித்தானிய அரச விடுபாட்டுச் சட்டம் (வெளிநாட்டு அரசுகளுக்கு அங்குள்ள நீதிமன்ற நடவடிக்கைகளில் இருந்து விலக்குத் தரும் சட்டம்), 13ஆம் பிரிவு: தூதரகத்தின் அரசு எழுத்தில் சம்மதிக்காவிட்டால், வணிகத்துக்குப் பயன்படும் சொத்தில் மட்டும்தான் கை வைக்கலாம். தூதரகத்தின் அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கைத் தொட முடியாது என்று 1984இல் கொலம்பியா வழக்கில், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. சொத்து வணிகத்துக்குப் பயன்படவில்லை என்று தூதுவர் ஒரு சான்றிதழ் கொடுத்தால் சரி, அது பிழையென்று நிரூபிப்பது எங்கள் தலையில். நல்ல நியாயம்!

அந்த அரசு அங்கே ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டிருக்கிறது. அது வணிகச் சொத்தாகுமா? இப்படியான வழக்குப் பேசிய லண்டன் சட்டத்தரணி யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். கட்டணம் குறைவாக இருந்தால் நல்லது.