சூடேறினால் நின்றுவிடும் லாரி எஞ்சின்: கிராங்க் சென்சாரா, டீசல் கோளாறா?

கேள்வி (லாரி ஓட்டுநர்):

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 24 வோல்ட், ஆறு சிலிண்டர், காமன் ரயில் எஞ்சின். காலையில கிளப்பினா எந்தக் குறையும் இல்ல. ரெண்டு, ரெண்டரை மணி நேரம் லோடோட ஓடின பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாம சட்டுனு ஆஃப் ஆயிடுது. திணறலோ கரும்புகையோ இல்ல, சாவியைத் திருப்பி அணைச்ச மாதிரியே நிக்குது. அப்புறம் செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா எஞ்சின் பிடிக்காது. முக்கால் மணி நேரம் விட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி கிளம்பிடுது.

டீசல் ஃபில்டர் ரெண்டையும் மாத்தியாச்சு. டேங்க்ல இருந்து வர்ற டியூப் முழுக்கப் பார்த்தாச்சு. ஸ்கேனர்ல எஸ்பிஎன் 190, எஃப்எம்ஐ 2-ன்னு கோளாறுக் கோடு வந்தது. அழிச்சா போயிடுது, நின்னா திரும்ப வருது. பட்டறையில ஹை பிரஷர் பம்ப்பைக் கழட்டணும்னு சொல்றாங்க. பெரிய வேலை. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுடலாம்னு வந்தேன். நடு ரோட்டுல லோடோட நிக்கும்போது பின்னாடி வர்ற வண்டியை நினைச்சா உள்ளுக்குள்ள பதறுது.

பதில் (இன்னொரு ஓட்டுநர்):

எனக்கும் இப்படி ஒரு தடவை ஆச்சு. ஏர் லாக், டீசல் லைன்ல காத்து ஏறிடுச்சு. ஹேண்ட் பம்ப் அடிச்சதும் கிளம்பிடுச்சு. அடுத்த முறை நின்னா அதை அடிச்சுப் பாருங்க.

பதில் (டீசல் மெக்கானிக்):

காத்து ஏறினா எஞ்சின் இழுவை குறைஞ்சு, திணறி, அப்புறம்தான் நிக்கும். இவர் சொல்றது அப்படி இல்ல. பம்ப்பை இப்போ கழட்ட வேண்டாம் தம்பி.

190-ங்கிறது எஞ்சின் வேகம், அதை அளந்து சொல்றது கிராங்க் சென்சார். எஃப்எம்ஐ 2-ன்னா அந்த சிக்னல் தாறுமாறா, விட்டு விட்டு வருதுன்னு அர்த்தம். சென்சார் போச்சுன்னு அந்தக் கோடு சொல்லல. சென்சார், கப்ளர் (ஒயரை மாட்டுற பிளக்), ஒயர், சென்சார் பார்க்கிற ஃப்ளைவீல் பல், இதுல ஏதோ ஒரு இடத்துல சிக்னல் அறுபடுதுன்னுதான் சொல்லுது. கோடைப் படிச்சதும் பாகத்தை வாங்குறதுதான் நிறைய பேர் செய்ற தப்பு.

ஒண்ணு கவனிங்க. வண்டி நின்னதும் செல்ஃப் அடிச்சுக்கிட்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. முடிஞ்சா ஸ்கேனர்ல லைவ் டேட்டா. எஞ்சின் சுத்தும்போது 150, 200-ன்னு காட்டினா சிக்னல் வருது, அப்போ டீசல் பக்கம் தேடலாம். எஞ்சின் சுத்தியும் பூஜ்யத்துலயே இருந்தா கிராங்க் சிக்னல் இல்ல. எஞ்சின் சுத்துறதே ஈசிஎம்-க்கு (எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்) தெரியலன்னா இன்ஜெக்டரைத் திறக்காது, பம்ப் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி. சில வண்டி, கேம்ஷாஃப்ட் சுத்துறதைப் பார்க்கிற கேம் சென்சாரை மட்டும் வெச்சுக்கிட்டு, ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்ச பிறகு இழுவை குறைவா ஓடும். சிலது ஓடவே ஓடாது.

அதே நேரத்துல ரயில் பிரஷரையும், அதாவது இன்ஜெக்டர் எல்லாத்துக்கும் டீசல் கொடுக்கிற பொதுக் குழாயோட அழுத்தத்தையும், பாருங்க. பெரும்பாலான காமன் ரயில் எஞ்சின்ல 200 பாருக்கு மேல ஏறினாத்தான் இன்ஜெக்ஷனே நடக்கும். ஆனா ஆர்பிஎம் பூஜ்யம்னா பிரஷர் குறைவா இருக்கிறதை வெச்சுப் பம்ப்பைக் குறை சொல்லாதீங்க. சிக்னல் இல்லாம ஈசிஎம் பிரஷரைச் சரியா கட்டுப்படுத்தாது.

ஒரு எச்சரிக்கை: டீசல் வருதான்னு பார்க்க இன்ஜெக்டர் லைன் நட்டைத் தளர்த்தாதீங்க. பழைய எஞ்சின்ல செஞ்ச வழக்கம் அது. இதுல ஓடும்போது 1600 பாரும் அதுக்கு மேலயும் இருக்கும். அந்தப் பீச்சல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலையே இழக்கிற அளவுக்குப் போகும்.

பதில் (ஆட்டோ எலக்ட்ரீசியன்):

அண்ணன் சொன்னதோட ஒயரிங்கையும் சேர்த்துக்குங்க. சென்சார் கப்ளர்ல ரெண்டு பின்னா, மூணு பின்னா? ரெண்டுன்னா பெரும்பாலும் உள்ளே காந்தமும் காயிலும் இருக்கிற வகை. மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வெச்சு அளக்கலாம். இந்த வகையில பரவலா இருக்கிற ஒரு சென்சாருக்கு 20 டிகிரியில 860 ஓம். உங்க எஞ்சினுக்கு மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு.

முக்கியமா, ஆறின நிலையில ஒரு தடவை அளந்து எழுதி வெச்சுக்குங்க. வண்டி நின்ன அடுத்த நிமிஷம், சூடு ஆறுறதுக்குள்ள, இன்னொரு தடவை அளங்க. ஆறின பிறகு அளந்தா எல்லாம் நல்லாத்தான் காட்டும். பட்டறைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நோய் மறைஞ்சுடுது, அதனாலதான் இத்தனை நாளா யாரும் பிடிக்கல.

அளக்கும்போது கப்ளரைக் கழட்டிட்டு சென்சார் பக்கம் மட்டும் அளங்க. ஒவ்வொரு பின்னுக்கும் பாடிக்கும் நடுவுலயும் அளங்க, அங்க தொடர்பே இருக்கக் கூடாது. ஒயரை ஊசியால குத்தாதீங்க, அந்த ஓட்டையில ஈரம் இறங்கிப் பின்னாடி பச்சை பிடிக்கும். ஈசிஎம் ஒயர்ல டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது.

பதில் (லாரி ஓட்டுநர்):

ரொம்ப நன்றி அண்ணா. ரெண்டு பின்தான். இன்னிக்குக் காலையில ஆறின எஞ்சின்ல 890 ஓம். பாடிக்குத் தொடர்பு இல்ல. மல்டிமீட்டரைக் கேபின்லயே வெச்சிருக்கேன்.

பதில் (லாரி ஓட்டுநர், இரண்டு நாள் கழித்து):

நேத்து மேடு ஏறி இறங்கின உடனே நின்னுச்சு. ஓரமா ஒதுக்கி, முக்கோணப் பலகை வெச்சுட்டு, முதல்ல முள்ளைப் பார்த்தேன். செல்ஃப் சுத்துது, முள் அசையவே இல்ல. சென்சாரை அளந்தா ஓ.எல்-ன்னு காட்டுது, அதாவது உள்ளே தொடர்பே இல்ல. கையே நடுங்கிடுச்சு, தப்பா வெச்சிட்டேனோன்னு மூணு தடவை அளந்தேன். அதே ஓ.எல். ஈரத் துணியைச் சுத்தி வெச்சேன். பத்து நிமிஷத்துல 1040 வந்தது. கப்ளரை மாட்டிச் செல்ஃப் அடிச்சதும் பிடிச்சிடுச்சு.

890 இருந்தது 1040 ஆனதே கோளாறா அண்ணா?

பதில் (டீசல் மெக்கானிக்):

இல்ல தம்பி, அது செம்போட இயல்பு. 10 டிகிரி ஏறினா சுமார் 4 சதவீதம் ஓம் கூடும். 890-ல இருந்து 1040 வந்தது எஞ்சின் சூட்டுக்குச் சரியான கணக்கு. ஓ.எல்-தான் கோளாறு. காயில் கம்பி உள்ளே எங்கயோ விட்டிருக்கு. ஆறும்போது முனை ரெண்டும் ஒட்டிக்குது, சூட்டுல விரிஞ்சு விலகுது. சென்சாரை மாத்துங்க. துணியைச் சுத்தினது நல்ல யோசனை, சூடான எஞ்சின் மேல தண்ணியைக் கொட்டியிருந்தா ஆபத்து.

மாத்தும்போது அவசரப்படாதீங்க. இக்னிஷனை அணைச்சு ஈசிஎம் முழுசா ஓயறதுக்குச் சில நிமிஷம் விட்டு, அப்புறம் பேட்டரி ஸ்விட்சை அணைங்க. கேபினைத் தூக்கினா லாக் விழுந்ததைக் கண்ணால பார்த்த பிறகுதான் கீழே போங்க. சென்சார் ஒரே போல்ட்லதான் நிக்கும். ஆனா அதைச் சுத்தியிருக்கிற ஓரிங் (ரப்பர் வளையம்) சூட்டுல ஒட்டியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினா தலை மட்டும் உடைஞ்சு வரும், முனை உள்ளேயே மாட்டிக்கும், அப்புறம் ஒரு நாள் வேலை. துருநீக்கி எண்ணெய் விட்டு, இடமும் வலமுமா மெதுவா திருகித் திருகி எடுங்க.

வெளியே வந்ததும் உட்கார்ற இடத்துல இருக்கிற துருவையும் பெயின்ட்டையும் வழிச்சு எடுங்க. சென்சார் முனைக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளியே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஃபிளாஞ்சு அடியில அரை மில்லிமீட்டர் துரு இருந்தாலும் செல்ஃப் அடிக்கும்போது சிக்னல் பலவீனமாயிடும். புது ஓரிங்குக்கு எஞ்சின் ஆயில் தடவுங்க. சென்சாரைச் சுத்தியலால தட்டாதீங்க. போல்டை இழுத்து உள்ளே கொண்டு வரவும் கூடாது, கையால முழுசா உட்கார்ந்த பிறகுதான் போல்ட்.

பதில் (லாரி ஓட்டுநர்):

மாத்திட்டேன். பழைய முனையில பஞ்சு மாதிரி இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்ததுல ஒரு கிளாம்ப் ஓரத்துல உரசி மேல்தோல் தேஞ்சிருக்கு. உள்கம்பி தெரியல. இன்சுலேஷன் சுத்தி, ஸ்லீவ் போட்டுக் கட்டிட்டேன். 11 நாள் ஓட்டியாச்சு, நிக்கல. கோடும் வரல. பம்ப்பைக் கழட்டாம விட்டதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் மனசார நன்றி.

பதில் (டீசல் மெக்கானிக்):

சந்தோஷம் தம்பி. தூள் மாவு மாதிரி இருந்தா பரவாயில்ல, அது காந்தம், இழுக்கத்தான் செய்யும். விரல்ல குத்துற மாதிரி சில்லு இருந்தா ரிங் கியரும் செல்ஃப் பினியனும் தேயுது. செல்ஃபைக் கழட்டிப் பல்லைப் பாருங்க.

பதில் (புதியவர்):

என் வண்டியில மூணு பின் இருக்கு. இதே மாதிரி ஓம்ஸ் அளக்கலாமா?

பதில் (ஆட்டோ எலக்ட்ரீசியன்):

வேண்டாம். அது பெரும்பாலும் ஹால் வகை, உள்ளே சின்ன சர்க்யூட் இருக்கு, ஓம்ஸ் வெச்சா எதுவும் தெரியாது. கப்ளரைக் கழட்டி, இக்னிஷன் போட்டு, ஒயர் பக்கம் சப்ளை வருதான்னு பாருங்க. பல எஞ்சின்ல 5 வோல்ட். எர்த்தும் பாருங்க. ரெண்டும் இருந்தா கப்ளரை மாட்டி, எஞ்சினைக் கையால மெதுவா சுத்தச் சொல்லி சிக்னல் ஒயரைக் கவனிங்க. பல் கடக்கும்போது வோல்ட் ஏறி இறங்கணும். சப்ளையே இல்லன்னா சென்சாரை வாங்காதீங்க, அதே 5 வோல்ட்டுல மாட்டியிருக்கிற மத்த சென்சார்களை ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. அதுல எது ஷார்ட் ஆனாலும் இதுக்கும் சப்ளை போயிடும்.